புற்றுக் காளானும் நாய்க்குடையும்

குமாரு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. வழக்கமாக உன் நைனாதான் பதில் எழுதுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேளுங்க, அதை எழுதுங்க என்று சொல்லிக்கொண்டிருப்பேன். இந்தத் தடவை நானே எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றுபோன கையெழுத்து, கோணலும் மாணலுமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படி. பாதியில் மடித்து வைத்துவிடாதே. பாதியில் நிறுத்தினால் உன் அம்மாவைப் பற்றித் தப்பாகத்தான் தெரியும். முழுதும் படித்தாலும் நல்லபடியாகத் தெரியப்போவதில்லை. ஆனால் உள்ளது உள்ளபடி தெரியும்.

மலையில் குளிர் அதிகம், கம்பளி போதவில்லை, காட்டிலாகாவில் கூட வேலை செய்கிறவர்கள் நல்ல மாதிரி என்றெல்லாம் எழுதியிருந்தாய். அதற்குக் கீழே இதையும் எழுதியிருந்தாய்: "மலைச்சாதிப் பொம்பளை ஒருத்தி கூடை நிறையக் காளான் எடுத்துக்கொண்டு குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்தாள். நீ சொன்னது ஞாபகம் வந்தது. கூடையை எட்டி உதைத்து விரட்டிவிட்டேன். உன் பிள்ளை ஏமாற மாட்டான் அம்மா." உன் நைனா இதை வாய்விட்டுப் படித்துவிட்டு, "பாத்தியா, நம்ம புள்ள உஷாரு" என்று சிரித்தார். எனக்குக் கையிலிருந்த முறம் நழுவி அரிசியெல்லாம் தரையில் கொட்டிவிட்டது. அவர் சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தார். தலை சுற்றுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன். சமாளிப்பது எனக்குப் பழக்கம். பதின்மூன்று வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

உனக்கு அப்போது அஞ்சு வயது. ரேஷன் கடையில் அரிசி இல்லை என்று மைலோச் சோளமும் கோதுமையும் போட்ட காலம். நாம் இருந்தது இதே அரிசி மில் லைன் வீட்டில்தான். இப்போது ஏரிக்கு அந்தப் பக்கம் தொழிற்பேட்டை, புகைக்கூண்டு என்று வந்துவிட்டது, அப்போது வெறும் புதர். மில் குடோனில் மூட்டை மூட்டையாக அரிசி அடுக்கியிருக்கும், நம் வீட்டுப் பானையில் மைலோக் கஞ்சி கொதிக்கும். நீ அதைத் தொட மாட்டாய். உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாய். விலா எலும்பு தெரிய மெலிந்துபோயிருந்தாய்.

மில் களத்தில் நெல் காய வைக்கிற பெண்களில் முனியம்மா என்று ஒருத்தி இருந்தாள். இருளர் சனம். என் வயதுதான் இருக்கும். அவள் புருஷன் ஏழுமலை குடோனில் எலி பிடிப்பான். குளத்தோரம் குடிசை போட்டிருந்தார்கள், கையில் ஒரு பெண் குழந்தை. ஒரு நாள் இடி இடித்து மழை பெய்த மறு காலை, முனியம்மா மந்தார இலையில் மடித்து ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தாள். "புத்துக் காளான்க்கா. கொயந்த ஒண்ணும் துன்ன மாட்டேங்குதுன்னியே, இத்த வெங்காயம் போட்டு வதக்கிக் குடு" என்றாள். வதக்கிக் கொடுத்தேன். குமாரு, நீ தட்டை நக்கினாய். எத்தனையோ நாளுக்கு அப்புறம் அன்றைக்குத்தான், "இன்னும் வேணும்மா" என்று கேட்டாய்.

அந்தப் பொட்டலத்தை வாங்கியதை உன் அத்தை பார்த்துவிட்டாள். அவள் குணம் உனக்குத் தெரியும். "எலி புடிக்கிறவ கையால வாங்கித் துன்ற அளவுக்கு வந்துட்டோமா?" என்று லைன் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள். எனக்கு அவமானமாகிவிட்டது. மறு நாள் முனியம்மாவிடம் போய், அதை எங்கே எடுத்தாய், எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். அவள் ஒன்றையும் ஒளிக்கவில்லை. ஏரிக்கரைப் புற்றுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அவள் சொன்னதை இப்போது உனக்கு எழுதுகிறேன், நன்றாகக் கேட்டுக்கொள்.

புற்றுக் காளான் புற்று மண்ணில்தான் வரும், இல்லாவிட்டால் மண்ணுக்கடியில் கறையான் கூடு இருக்கிற இடத்தில் வரும். ஒரே காலையில் கும்பலாக முளைக்கும். குடையின் நடுவில் ஆணி முனை மாதிரி ஒரு கூர் இருக்கும். தண்டில் வளையம் இருக்காது. முக்கியமானது அதன் வேர். தண்டு மண்ணுக்குள் ஒரு சாண், ஒன்றரைச் சாண் இறங்கிக் கறையான் கூடு வரைக்கும் போகும், குச்சியால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். நாய்க்குடை என்று அவள் சொன்ன இன்னொன்று, குப்பை மேட்டிலும் மக்கிய வைக்கோலிலும் புல்லிலும் வரும். அதுவும் வெள்ளைதான், பார்க்க இன்னும் அழகாகக்கூட இருக்கும். குடைமேல் பழுப்பாகச் செதில் ஒட்டியிருக்கும். தண்டில் துணி சுற்றின மாதிரி ஒரு வளையம். அடி குண்டாக இருக்கும், வேர் கிடையாது, இழுத்தால் கையோடு வந்துவிடும். விரிந்து ஒரு நாள் ஆனால் குடைக்கு அடியில் இருக்கிற மடிப்பு பாசி பிடித்த மாதிரி பச்சையாகும். "பச்சையைப் பாத்தா யாருக்கும் தெரிஞ்சிடும்க்கா. இளசா இருக்கறப்போ அதுவும் வெள்ளையாத்தான் இருக்கும். அப்பத்தான் ஏமாத்தும். கைல எடுத்தா என்னாண்ட காட்டிட்டு ஆக்கு" என்று சொன்னாள்.

என்னிடம் காட்டிவிட்டுச் சமை என்றாள். அதைத்தான் நான் செய்யவில்லை.

பத்து நாள் கழித்து மறுபடி மழை. காலையில் மில்லுக்குப் பின்னால், வைக்கோல் மக்கிக் கிடந்த மேட்டில் வெள்ளை வெள்ளையாக நின்றன. இன்னும் விரியாத இளசு. என் மனதில் ஓடியதெல்லாம் உன் அத்தைதான். யார் கையையும் எதிர்பார்க்காமல் நானே பறித்து வந்தேன் என்று அவள் முன்னால் வைக்க வேண்டும். இழுத்தேன். கையோடு வந்தது. வேர் இல்லை. மழையில் மண் இளகியிருக்கிறது, வேர் உள்ளேயே அறுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வளையத்தைப் பார்த்தேன் குமாரு. பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். பார்த்தும் மடியில் போட்டுக்கொண்டேன். திரும்பி வரும்போது களத்து வாசலில் முனியம்மா நெல் துழாவிக்கொண்டிருந்தாள். "இன்னாக்கா மடியில?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். "கீரை" என்று சொல்லி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீ இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாய். மதியச் சாப்பாட்டுக்கு வந்த நைனாவும் சாப்பிட்டார். எனக்குக் காளான் மிஞ்சவில்லை, மைலோக் கஞ்சியைக் குடித்தேன். அத்தை காளான் தொடமாட்டாள். இரண்டு மணிச் சங்கு ஊதிக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும், நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாய். வாந்தி. சாப்பிட்டது வந்து, தண்ணீர் வந்து, அப்புறம் பித்தம் பச்சையாக வந்தது. கூடவே பேதி. ஒரு மணி நேரத்தில் உன் கண் உள்ளே போய்விட்டது. தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. மில்லிலிருந்து நைனாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அவருக்கும் அதே கதி. மில் லாரியில் அரிசி மூட்டைமேல் உங்கள் இருவரையும் கிடத்திப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் உன் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டே வந்தேன். கவரைப்பேட்டை தாண்டும்போது விரலில் மூச்சுப் படவில்லை. கத்தினேன். அப்புறம் பட்டது. அந்த விரலில் இன்றைக்கும் சில நேரம் அந்தச் சில்லிப்பு வரும்.

டாக்டர் உன் காலில் ஊசி குத்தி சலைன் ஏற்றினார். கையில் நரம்பு கிடைக்கவில்லை. "என்ன சாப்பிட்டாங்க? யார் குடுத்தது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். "காளான் சார். அந்த இருளச்சிதான் குடுத்தா. போன வாரமும் வந்து குடுத்தா, நான் கண்ணால பாத்தேன்." டாக்டர் என் பக்கம் திரும்பி, "அப்படியாம்மா?" என்றார். உனக்கு முன்னால் பிறந்து மூன்று மாதத்தில் போன குழந்தையை நானே பார்க்கத் தெரியாமல் கொன்றுவிட்டேன் என்று உன் அத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். இதுவும் என் கையால் என்று தெரிந்தால் என்னை வாழாவெட்டியாக அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். "ஆமா சார்" என்றேன். அவ்வளவுதான் குமாரு. ஒரே ஒரு வார்த்தை.

முனியம்மா வீட்டில் யாராவது சாப்பிட்டிருந்தால் அவர்களையும் அழைத்து வரச் சொன்னார் டாக்டர். ஆள் போய்ப் பார்த்தது. அவர்கள் மூன்று பேரும் நன்றாக இருந்தார்கள். இருக்கத்தானே செய்வார்கள், அவர்கள் அதைத் தொடவே இல்லையே. ஆனால் ஊர் என்ன சொன்னது தெரியுமா? தான் தின்னாமல் நமக்குக் கொடுத்திருக்கிறாள், வேண்டுமென்றே செய்திருக்கிறாள் என்றது. நான் சொன்ன பொய்க்கு அவர்கள் நன்றாக இருந்ததே சாட்சியாகிவிட்டது.

நைனாவை மறு நாளே அனுப்பிவிட்டார்கள். உன்னோடு நான் ஐந்து நாள் இருந்தேன். திரும்பி வந்தபோது குளத்தோரத்தில் குடிசை இல்லை. நாலு கம்பும் கரியும்தான் கிடந்தன. மில் மேஸ்திரி ஆட்களோடு போய்ப் பிரித்துப் போட்டுக் கொளுத்திவிட்டார் என்றும், ஏழுமலைக்குக் கையில் பலத்த அடி என்றும், தண்டவாளத்தோரமாகவே நடந்து எங்கேயோ போய்விட்டார்கள் என்றும் நைனா சொன்னார். நான் உனக்குக் கஞ்சி காய்ச்சினேன்.

அதற்கப்புறம் நான் செய்தது இன்னும் மோசம். நீ வளர வளர அந்தப் பொய்யை உனக்கு ஊட்டினேன். கண்டவர்கள் கையில் வாங்கித் தின்னாதே, ஒருத்தி உன்னைக் கொல்லப் பார்த்தாள் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நிஜம்போல ஆகிக்கொண்டு வந்தது. நீ பயப்பட வேண்டியது உன் அம்மாவின் கையை. நான் வேறொரு பெண்ணின் கையைக் காட்டிவிட்டேன். நீ உதைத்த கூடையில் என் காலும் இருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் உன் சர்ட்டிபிகேட் விஷயமாகத் திருவள்ளூர் போனேனே, அன்றைக்கு தாலுகா ஆபீஸ் மரத்தடியில் முனியம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஏழுமலை. வலது கை முழங்கையிலிருந்து கோணிப்போய் மடியில் கிடந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு நகரப் பார்த்தேன். அவள் எழுந்து ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். "யக்கா, அந்தக் கொயந்த பொயச்சிக்கிச்சா?" என்று கேட்டாள். பத்து வருஷமாக அவளுக்கு அது தெரியாது. "ம்" என்றேன். "மாரியாத்தா காப்பாத்திட்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். காக்களூர் ஏரிப் பக்கம், புதுப் பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கிறோம், வந்தால் வா என்றாள். பஸ் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தேன். பஸ் வரவில்லை.

உன் கடிதம் வந்த இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, நைனா சாப்பிட்டுக் கை கழுவின பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன், வெளியே போ என்பார் என்று நினைத்தேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "மேஸ்திரி அடிக்கல" என்றார்.

"இன்னா சொல்றீங்க?"

"அவன் கைய ஒடச்சது நானு. ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா அங்கதான் போனேன். அவன் எலி புடிக்கிற கிட்டி அங்கியே கெடந்தது. அதாலயே போட்டேன். 'நாங்க ஒண்ணும் குடுக்கல நைனா, சத்தியமா குடுக்கல'ன்னு கத்திக்கினே இருந்தான். நீ சொன்னதத்தான் நம்புனேன்."

அவரும் இத்தனை வருஷம் என்னிடம் மறைத்துத்தான் வைத்திருந்தார். இதையும் உனக்கு எழுதச் சொன்னவர் அவரேதான். தன் கையால் எழுத முடியாது என்றார்.

திங்கட்கிழமை இருவரும் பெரியபாளையம் வழியாகப் பஸ் பிடித்துக் காக்களூர் போனோம். ஏழுமலை போன மாசியில் செத்துப்போயிருந்தான். முனியம்மா குடிசை வாசலில் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்ல ஆரம்பித்தேன், பாதியிலேயே அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. உன் ஊட்டுப் பின்னால காம்புங்கள அரிஞ்சி போட்டிருந்தியே, வளையத்தோட. மேஸ்திரியாண்ட எடுத்துக்கினு போய்க் காட்டினேன். என் மூஞ்சிலயே வீசினாரு."

"தெரிஞ்சுமா அன்னிக்குத் தாலுகா ஆபீஸாண்ட எங்கிட்ட கொயந்தயப் பத்திக் கேட்ட?"

"கொயந்த இன்னா பண்ணிச்சி?" என்றாள்.

நைனா அவள் காலில் விழப் போனார். அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள். "எனக்கு இதெல்லாம் வாணாம். எங்க சனம் அந்த மில்லு வழியா இன்னிக்கும் போவறதில்ல. வெசம் வெச்சவங்கன்னு பேரு. எம்பொண்ணுக்கு மாப்ள பாக்கப் போனா அங்கியும் அத்தச் சொல்றாங்க. இங்க, எங்காதுல சொல்லி இன்னா? அந்தக் களத்துல, அத்தினி பேரு இருக்கறப்போ சொல்லு."

இன்று காலை சொன்னேன். முனியம்மா தன் மகளோடு வந்திருந்தாள். களத்தில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள், உன் அத்தை ஒரு பக்கம், கிழவனாகிவிட்ட மேஸ்திரி ஒரு பக்கம். முதலில் என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "சத்தமா சொல்லும்மா" என்று யாரோ சொன்னார்கள். காளானைப் பறித்தது நான், சமைத்தது நான், பழியைப் போட்டதும் நான் என்று சொன்னேன். நைனா முன்னால் வந்து, ஏழுமலையை அடித்தது நான் என்றார். மேஸ்திரி, "பழைய கதைய எதுக்கும்மா இப்போ கெளறிக்கினு" என்றார். முனியம்மா அவரைப் பார்த்து, "உனுக்குப் பழசு. அந்தாளு சாவற வரிக்கும் நான்தான் சோறு ஊட்டினேன்" என்றாள். அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு களத்தின் நடுவாகவே நடந்து, பெரிய கேட் வழியாக வெளியே போனாள். வீட்டுக்கு வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போ என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியம் இல்லை.

உன் அத்தை மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள். லைனில் ஒருத்தரும் என்னோடு பேசவில்லை. இதை வேறு யாராவது உனக்கு எழுதிவிடுவதற்கு முன்னால் நானே எழுத வேண்டும் என்றுதான் இப்போதே உட்கார்ந்தேன்.

உனக்கு நான் சொல்லக்கூடியது இரண்டுதான். கூடை கொண்டுவந்த அந்த மலைப் பெண் எங்கே இருக்கிறாள் என்று விசாரித்துப் போ. தனியாகப் பார்த்து மன்னிப்புக் கேட்காதே. எத்தனை பேர் பார்க்க உதைத்தாயோ அத்தனை பேர் பார்க்கக் கேள். அப்புறம், மலைக் காளான் நம் ஊர்க் காளான் இல்லை. நான் எழுதின வேரும் வளையமும் அங்கே செல்லாது. வளையம் இல்லாத விஷமும் இருக்கும், எனக்கு அதெல்லாம் தெரியாது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் காட்டாமல் ஒன்றையும் வாயில் வைக்காதே. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு வெட்கப்படாதே. நான் அன்றைக்கு அதற்குத்தான் வெட்கப்பட்டேன்.

களத்தில் நின்றபோதுகூட எனக்கு இவ்வளவு பயம் இல்லை. இந்தக் கவரை ஒட்ட நினைத்தால் கை வரமாட்டேன் என்கிறது. நீ இனிமேல் அம்மா என்று கூப்பிடுவாயா என்று தெரியவில்லை. திட்டுவதாக இருந்தாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே, கண்ணு.

அம்மா